மேற்கு ஆப்பிரிக்கப் பஞ்சில் பிளாஸ்டிக் நார்: நம் புகார் யார் காதுக்குப் போகிறது?

நாற்பதாம்நம்பர் · செவ்வாய், இரவு 9.40

வணக்கம். கோபத்தில்தான் இந்த விவாத இழையைத் தொடங்குகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மில்லில் ஓடுவது 40 கோம்ப்டு ஹோசியரி நூல், அதாவது குட்டை இழையைச் சீவிக் கழித்து நூற்கும் பனியன் துணி நூல். உள்ளூர்ப் பஞ்சு விலை ஏறியபோது முதலாளி மேற்கு ஆப்பிரிக்கப் பஞ்சு மூன்று கன்டெய்னர் இறக்கினார். எந்த நாடு என்று எழுதப் போவதில்லை. அந்தப் பக்கம் சில நாடுகளில் ஜின்னிங் கம்பெனி (பருத்தியை அரைத்துக் கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்கும் கம்பெனி) ஒன்றோ இரண்டோதான், நாட்டைச் சொன்னால் ஆளையே சொன்ன மாதிரி ஆகிவிடும். டெஸ்ட் ரிப்போர்ட்டில் குறை இல்லை. நீளம் 28.5 மில்லிமீட்டருக்கு மேல், இழையின் மென்மையைக் காட்டும் மைக்ரோனேர் 4.1, கையால் பறித்த பருத்தி என்பதால் ட்ராஷும் (இலைத்தூசிக் குப்பை) குறைவு. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் சத்தமில்லாமல் ஓடியது.

திருப்பூரில் கருநீலச் சாயம் ஏறிய துணியில் வெள்ளைக் கோடு கோடாக வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பாலிப்ரொப்பிலீன், உரச்சாக்கு நார். பஞ்சும் வெள்ளை, நாரும் வெள்ளை. பேல் (பஞ்சுப் பொதி) உடைத்துப் பஞ்சைச் சுத்தம் செய்யும் எங்கள் ப்ளோரூமில் இருப்பது நிறத்தைப் பார்த்துப் பிரிக்கும் பழைய கேமரா, அதற்கு இது தெரியவே தெரியாது. சாயம் பஞ்சில் ஏறும், பிளாஸ்டிக்கில் ஏறாது. அங்கேதான் குட்டு வெளிப்படும்.

வியாபாரியிடம் புகார் கொடுத்தோம். "டைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள், டைப்பில் குறை இருந்தால் சொல்லுங்கள்" என்று பதில். பேசிப் பேசி அடுத்த லாட்டில் சின்னத் தள்ளுபடி கொடுத்தார், கணக்கு முடிந்தது. என் கேள்வி இதுதான்: இந்தப் பஞ்சை அரைத்த ஜின்னருக்கு இப்படி ஒரு துணி கெட்டுப்போனது என்றாவது தெரியுமா?

பழையபஞ்சு · செவ்வாய், இரவு 10.25

தெரியாது தம்பி. 34 வருடம் பஞ்சு செலக்டராக இருந்தவன் சொல்கிறேன், தெரிவதற்கு வழியே இல்லை.

"டைப்" என்ற வார்த்தையில்தான் சூட்சுமம். மாலியில் ஜூலி, பர்கினா ஃபாஸோவில் போலா, பெனினில் கபா, கோட்டிவாரில் (ஐவரி கோஸ்ட்) மன்போ, காமரூனில் இர்மா என்று பெயர்கள் உண்டு. கேட்க ஆள் பெயர் மாதிரியே இருக்கும். ஆனால் ஊரையோ ஜின்னையோ குறிக்கும் பெயர்கள் அல்ல. நிறம், இலைத்தூசி, அரவையின் நேர்த்தி, இழை நீளம் இவற்றை வைத்துப் பிரித்த தட்டுகள். ஒரே டைப்பில் பத்து ஜின்னின் பேல் வரலாம். பிளாஸ்டிக் எந்தத் தட்டிலும் ஏறாது, ஏனென்றால் மாதிரிக்கு எடுக்கும் கைப்பிடிப் பஞ்சில் அது அகப்படாது. ஒரு பேலில் நாலு நார் இருந்தாலே உங்கள் துணி போச்சு. அந்த நாலையும் மாதிரிப் பஞ்சில் பிடிக்க முருகனே வர வேண்டும்.

ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நமக்கு ஒரு பக்கக் கண் என்பார்கள். பன்னாட்டு ஜவுளி உற்பத்தியாளர் கூட்டமைப்பு சில வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் கன்டாமினேஷன் (அந்நியப் பொருள் கலப்பு) கணக்கெடுப்பில் நம் இந்தியப் பஞ்சு வகைகள் எத்தனையோ தடவை அடிமட்டத்தில் நின்றிருக்கின்றன. 2000-ல் பருத்தித் தொழில்நுட்ப இயக்கம் வந்து ஜின்னிங் பேக்டரிகளில் சிமெண்ட் தளம் போட்ட பிறகுதான் கொஞ்சம் தேறினோம். ஆப்பிரிக்காவைப் பார்த்து மூக்கைப் பிடிக்கிற யோக்கியதை நமக்குக் கிடையாது.

புதுமில்லு · புதன், காலை 7.05

சின்னச் சந்தேகம். பருத்தி பறிக்கிற இடத்தில் உரச்சாக்கு எதற்கு வருகிறது?

எரெக்டர்தம்பி · புதன், காலை 8.50

வேறு பை இல்லாததால் வருகிறது. அவ்வளவுதான்.

நான் ரிங் ஃப்ரேம் (நூற்பு இயந்திரம்) பொருத்தும் எரெக்ஷன் வேலைக்காக மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு தவணையாக இருந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமங்களுக்குப் போவேன். அங்கே பருத்திக் கம்பெனி விதை, உரம், மருந்து எல்லாவற்றையும் கடனாகக் கொடுக்கும், அறுவடையில் கழித்துக்கொள்ளும். உரம் வருவது 50 கிலோ பின்னல் பிளாஸ்டிக் சாக்கில். உரம் தீர்ந்தாலும் சாக்கு தீராது. அதுவே பறிக்கும் பை, சோளம் கட்டும் மூட்டை, மழைக்குத் தலைமூடி. வெயிலில் கிடந்து கிடந்து ஓரம் நார்நாராகப் பிரியும். பிரிந்த நார் பருத்தியில் விழும். பஞ்சைக் கெடுக்கும் சாக்கை அனுப்பி வைப்பதே பஞ்சு வாங்கும் கம்பெனிதான் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

அப்புறம் ஒன்று. பறித்த பருத்தியை ஊர்ச் சங்கத்து மைதானத்தில் எல்லோரும் கொண்டுவந்து ஒரே குவியலாகக் கொட்டுவார்கள். எடை மட்டும் தனித்தனியாக எழுதப்படும். குவியலை அப்படியே லாரிப் பெட்டியில் மிதித்து ஏற்றி ஜின்னுக்கு அனுப்புவார்கள். சுத்தமாகப் பறித்தவள் பருத்தியும் சோம்பேறியின் பருத்தியும் அங்கே ஒன்றாகிவிடும். முதல் தரம், இரண்டாம் தரம் என்று இரண்டு விலை உண்டு, ஆனால் தீர்ப்பு குவியலுக்குத்தான், ஆளுக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் சாக்கில் பறித்தால் நான் மட்டும் துணிப்பை தேடி என்ன பயன்?

ம்வான்சாவாசி · புதன், மதியம் 1.30

கிழக்குப் பக்கக் கதை வேறு. நான் விக்டோரியா ஏரிக்குத் தெற்கே, டான்சானியப் பருத்திச் சீமையில், ஒரு ஜின்னரியில் எட்டு வருடம் இன்ஜினியராக இருந்தேன். ம்வான்சா, ஷின்யாங்கா, சிமியு என்று நீளும் பகுதி அது.

1994-ல் அங்கே கொள்முதலைத் திறந்துவிட்டார்கள். அதுவரை கூட்டுறவு ஒன்றியங்கள் மட்டும் வாங்கின. பிறகு பணம் வைத்திருந்தவர் எல்லோரும் ஜின் போட்டார்கள். ஜின்களின் கொள்ளளவு பருத்தி விளைச்சலைவிடப் பல மடங்கு. ஆக சீசன் தொடங்கியதும் ஓட்டப்பந்தயம். உள்ளூரில் நல்ல பருத்திக்கு "சாஃபி", மட்டத்துக்கு "ஃபிஃபி" என்று பெயர். ஏட்டில் இரண்டு விலை. நடைமுறையில் "இது ஃபிஃபி" என்று எங்கள் ஏஜென்ட் சொன்னால் விவசாயி சாக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்தடிக்குப் போவார், அங்கே இன்னொரு ஏஜென்ட் சாஃபி விலைக்கே எடுத்துக்கொள்வார். பிறகு யார் தரம் பிரிப்பார்கள்? தண்ணீர் தெளிப்பது, மணல் தூவுவது எல்லாம் அப்படித்தான் வந்தது. எடைக்குத்தானே காசு.

இப்போது நாற்பதாம்நம்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எட்டு வருடத்தில் எங்கள் ஜின்னுக்கு நூற்பாலை ஆள் ஒரே ஒருவர்தான் வந்தார். ஆசிய நாட்டு மில் ஒன்றின் மேனேஜர், மூன்று நாள் தங்கினார். பெட்டியிலிருந்து சாயம் ஏறிய பனியன் துணி ஒன்றை எடுத்து, வெள்ளைக் கோடுகளை எங்கள் முதலாளியின் மேசைமேல் விரித்துக் காட்டினார். முதலாளி 30 வருடமாகப் பஞ்சு அரைப்பவர். இப்படி ஒரு துணியை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. அடுத்த வாரமே, ஜின்னுக்குப் பருத்தி ஊட்டும் தீனி மேடையில் பன்னிரண்டு பெண்களை உட்கார வைத்து, பருத்தி ரோலருக்குள் போவதற்கு முன் கையால் பொறுக்கச் சொன்னார். முடி, வைக்கோல், கொசுவலைத் துண்டு, துணி நூல், சாக்கு நார் என்று ஒரு நாளில் ஒரு தகர டின் நிறைந்தது. அந்த டின்னைப் படம் எடுத்து அந்த மேனேஜருக்கு அனுப்பினோம்.

500 பேல் போனது. மில் ரொம்பச் சந்தோஷம். பவுண்டுக்குச் சில சென்ட் கூடுதலாகவே கொடுத்தார்கள். மறு வருடம் விலை இறங்கியது, வேறொரு நாட்டுப் பஞ்சு மலிவாகக் கிடைத்தது, மில் அங்கே போய்விட்டது. மார்ச் மாதம் பன்னிரண்டு பெண்களையும் கணக்கு முடித்து அனுப்பினோம். சீட்டு எழுதிக் கொடுத்தவன் நான்தான். இதற்கு மேல் "ஜின்னர், ஸ்பின்னர் கூட்டு" என்று யாராவது பவர்பாயின்ட் போட்டால் எனக்கு அந்தத் தகர டின்தான் ஞாபகம் வரும்.

காட்டன்டெஸ்க் · புதன், மாலை 6.15

எல்லோரும் வியாபாரியைத் திட்டி முடித்தாயிற்றா? நான் அந்தக் கூட்டம்தான், வெளிநாட்டில் ஒரு பஞ்சு வர்த்தக நிறுவனத்தில் மேசை வேலை. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

ஜின்னருக்குப் பணம் வேண்டியது அறுவடையின் மூன்று நான்கு மாதத்தில், ரொக்கமாக. மில்லுக்குப் பஞ்சு வேண்டியது பன்னிரண்டு மாதமும், மாதம் இரண்டு கன்டெய்னராக, 90 நாள் கடனில். இந்த இடைவெளிக்கு வட்டி யார் கட்டுவது? பிராங்க் மண்டல நாடுகளின் (சி.எஃப்.ஏ. பிராங்க் நாணயம் புழங்கும் நாடுகள்) கம்பெனிகள் பருத்தி விதைக்கும் முன்பே ஒரு பகுதியை முன்விற்பனை செய்து, அந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான் வங்கியில் கடன் எடுக்கின்றன. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட உங்கள் 30,000 கதிர் மில் வருமா? நியூயார்க் ஃப்யூச்சர்ஸ் என்ற முன்பேரச் சந்தையில் விலை ஏற்ற இறக்கத்துக்குக் காப்பு செய்வீர்களா?

2011 மார்ச்சில் பஞ்சு பவுண்டுக்கு 2 டாலரைத் தாண்டியது, பிறகு மாதக் கணக்கில் சரிந்தது. உச்ச விலையில் ஒப்பந்தம் போட்ட எத்தனை மில்கள் சரக்கை எடுக்காமல் கைவிரித்தன என்று பழையபஞ்சு ஐயாவுக்கு நன்றாகத் தெரியும். பஞ்சு ஒப்பந்தத் தகராறுகளுக்கு நடுவர் தீர்ப்பு சொல்லும் லிவர்பூல் சங்கத்தின் தீர்ப்பை மதிக்காதவர்கள் பட்டியல் அந்த வருடங்களில் எப்படி நீண்டது என்றும் தெரியும். ம்வான்சாவாசி சொன்ன 500 பேல் கதையும் இதே கதையின் சின்ன வடிவம்தான். கூட்டு முறிந்தது வியாபாரி நடுவில் இருந்ததால் இல்லை. நடுவில் யாரும் இல்லாததால்.

பழையபஞ்சு · புதன், இரவு 8.40

தெரியும், நன்றாகத் தெரியும். அந்த வருடம் நானே இரண்டு முதலாளிகளிடம் "எடுத்துக்கொள்ளுங்கள், பெயர் கெட்டுவிடும்" என்று கெஞ்சியிருக்கிறேன். நீங்கள் சொல்வதில் முக்கால் பங்கு நியாயம். கால் பங்கு இல்லை: பணத்தை இடைவெளி தாண்டிக் கொண்டுபோகத் தெரிந்த உங்களுக்கு, ஒரு பேல் நம்பரை இடைவெளி தாண்டிக் கொண்டுபோகத் தெரியாதா?

காட்டன்டெஸ்க் · புதன், இரவு 8.52

தெரியும். கேட்டால் கொடுப்போம். கேட்பவர் யாரும் இல்லை.

லேப்ராணி · வியாழன், காலை 10.10

பிளாஸ்டிக்கிலேயே நிற்கிறீர்கள், கண்ணுக்குத் தெரிகிற பிரச்சினை என்பதால். என் மேசையில் ஆப்பிரிக்கப் பஞ்சுக்கு நான் முதலில் பார்ப்பது ஒட்டுத்தன்மை, அதாவது சர்க்கரைப் பிசுக்கால் பஞ்சு இயந்திரத்தில் ஒட்டுவது.

வெள்ளை ஈயும் அசுவினியும் இலையைக் குடித்துவிட்டுக் கழிக்கும் சர்க்கரைத் திரவம் வெடித்த காயின்மேல் விழுகிறது. வெள்ளை ஈ விடுவதில் ட்ரெஹலுலோஸ் என்ற சர்க்கரை அதிகம், அசுவினி விடுவதில் மெலிசிட்டோஸ் என்ற சர்க்கரை அதிகம். ட்ரெஹலுலோஸ் குறைந்த சூட்டிலேயே இளகும். கார்டிங் கிரஷ் ரோலரில், டிராஃப்ட் ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். மழைக்காலத்தில் டிபார்ட்மென்டில் ஈரம் ஏறினால் கேட்கவே வேண்டாம், ஆட்கள் கத்தியோடு ரோலர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். சூடானின் ஜெசிராவில் விளைந்த அருமையான நீள் இழைப் பஞ்சுக்கு உலகம் முழுக்கக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது இந்த ஈதான்.

பல மில்களில் இன்னும் சர்க்கரை டெஸ்ட் என்ற பெயரில் நிறம் மாறும் கரைசலைத்தான் ஊற்றிப் பார்க்கிறார்கள். அது ஒடுக்கும் சர்க்கரையை மட்டும் காட்டும். மெலிசிட்டோஸ் அந்த வகை இல்லை, தப்பித்துவிடும். அதே நேரம் செடியிலேயே இயற்கையாக இருக்கும் சர்க்கரைக்கும் நிறம் மாறும், அது ஒட்டாது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சிராட் ஒரு சூட்டுத்தட்டுக் கருவி செய்தது. பஞ்சை இரண்டு அலுமினியத் தாளுக்கு நடுவில் வைத்துச் சூடாக அழுத்தி, தாளில் எத்தனை புள்ளி ஒட்டியிருக்கிறது என்று எண்ணுவது. ஒட்டுகிறதா இல்லையா என்பதற்கு இதுதான் நேரான பதில்.

இங்கேதான் ஜின்னர் வருகிறார். ஒட்டுப் பருத்தி எல்லா வயலிலும் வராது. காய் வெடித்த பிறகு நாள்கணக்கில் பறிக்காமல் செடியிலேயே விட்ட வயல், கடைசிப் பறிப்பு, மருந்து தாமதமான ஊர் என்று வரும். எந்த லாரி எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஜின்னருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எந்தப் பேல் ஒட்டுகிறது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து வைத்தால் அந்த ஊர்ப் பேல்களைத் தனியாக அடுக்கி, ஒரு மிக்சிங்குக்கு (பல பேல்களைக் கலக்கும் ஒரு கலவை) இரண்டு பேல் வீதம் கரைத்துவிடலாம். சேர்க்காவிட்டால் மொத்த லாட்டுக்கும் கெட்ட பெயர்.

புதுமில்லு · வியாழன், காலை 11.30

அக்கா, அங்கே லேப் வசதி எல்லாம் இருக்கிறதா?

லேப்ராணி · வியாழன், மதியம் 12.15

இருக்கிறது தம்பி. நாம் நினைப்பதைவிட நன்றாகவே. பன்னாட்டுப் பருத்தி ஆலோசனைக் குழு முன்னின்று, கருவிச் சோதனையை எல்லா நாட்டிலும் ஒரே அளவுக்குக் கொண்டுவர ஒரு திட்டம் நடத்தியது. ஒரே பஞ்சை எல்லா லேபுக்கும் அனுப்பி, யார் ரிப்போர்ட் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கும் சுற்றுச் சோதனை உண்டு. கிழக்குக்கு தார் எஸ் ஸலாமிலும் மேற்குக்கு மாலியின் செகூவிலும் வட்டார மையம் அமைத்தார்கள். கஷ்டம் கருவியில் இல்லை, அறையில். ஈரப்பதம் 65 சதவீதத்தில் நிற்க வேண்டும். கரண்ட் போனால் ஏசி போகும், ஏசி போனால் இழை வலிமையின் அளவு மாறும். அதைத்தான் நம் ஆட்கள் "அவன் ரிப்போர்ட்டை நம்ப முடியாது" என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள்.

எரெக்டர்தம்பி · வியாழன், மாலை 7.20

ஈரப்பதம் என்றதும் ஜின்னும் ஞாபகம் வருகிறது. டிசம்பர், ஜனவரியில் ஹர்மட்டான் காற்று சஹாராவிலிருந்து அடிக்கும். உதடு வெடிக்கும், துணி கொடியில் போட்டதும் காயும். அந்தக் காற்றில் கிடந்த பருத்தியில் ஈரம் மிகவும் குறைந்துவிடும். அரவையின்போது பஞ்சில் 6, 7 சதவீத ஈரமாவது இருந்தால்தான் இழை தாங்கும். காய்ந்துபோன பருத்தியை ரம்ப ஜின்னில் முழு வேகத்தில் ஓட்டினால் இழை உடையும், குட்டை இழை கூடும். கூடவே கொட்டைத் தோல் துணுக்கு பெயர்ந்து பஞ்சோடு வரும். குட்டை இழையைச் சீவி எடுக்கும் கோம்பரில் கழிவு ஏன் கூடுகிறது என்று நாம் இங்கே மண்டையை உடைப்போம், பதில் அங்கே காற்றில் இருக்கும்.

அந்த ஜின் மேனேஜரைக் கேட்டால் அவருடைய கணக்கு வேறு: மணிக்கு எத்தனை பேல், பேலுக்கு எத்தனை லிட்டர் டீசல். கையால் பறித்த பருத்திக்கு அரைத்த பஞ்சைச் சுத்தம் செய்யும் லின்ட் கிளீனர் ஒன்று தாராளமாகப் போதும். ஆனால் டைப் பார்க்கிறவர் கண்ணுக்குப் பஞ்சு பளிச்சென்று இருந்தால்தான் விலை, அதனால் இரண்டு ஓட்டுவார்கள். பளிச்சென்று ஆகும், நெப்ஸும் (இழை முடிச்சுகள்) கூடும். கண்ணுக்காக அரைத்து நூலைக் கெடுப்பது. மில்லிலிருந்து யாராவது "ஒன்று போதும், விலை குறைக்க மாட்டோம்" என்று எழுதிக் கொடுத்தால் அன்றே ஒன்றை நிறுத்திவிடுவார், அவருக்கும் மின்செலவு மிச்சம்.

இன்னொன்று, பர்கினா ஃபாஸோ பி.டி. பருத்தி கதை. இந்த விவாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான கதை கிடையாது.

2008-ல் மான்சாண்டோவின் காய்ப்புழு எதிர்ப்பு மரபணுவை உள்ளூர் ரகங்களில் ஏற்றி விதைத்தார்கள். விவசாயிக்கு ரொம்பப் பிடித்தது. மருந்து ஆறு முறை அடித்த இடத்தில் இரண்டு முறை, விளைச்சலும் கூடியது. 2014 வாக்கில் பருத்திப் பரப்பில் சுமார் 70 சதவீதம் அதுதான். ஆனால் பிரெஞ்சு ஆய்வாளர்களும் உள்ளூர் ஆய்வாளர்களும் பல பத்தாண்டு பாடுபட்டு வளர்த்த ரகத்தின் இரண்டு சொத்துகள் கரைந்தன. ஒன்று இழை நீளம். இன்னொன்று அரவைத் தேறல், 100 கிலோ பருத்திக்கு 42 கிலோ பஞ்சு என்றிருந்தது. நம் ஊரில் 34, 35 என்றாலே பெரிது, அங்கே 42! இரண்டும் இறங்கின. நீளப் பஞ்சு என்று பெயர் வாங்கிய நாடு, குட்டைப் பஞ்சு விற்கும் நாடாக ஆகிக்கொண்டிருந்தது. கடைசியில் அங்குள்ள மூன்று பருத்திக் கம்பெனிகளும் சேர்ந்து பி.டி.யை நிறுத்தி, 2016-17 சீசனில் முழுக்கப் பழைய ரகத்துக்குத் திரும்பின. விவசாயிகள் பலருக்கு வருத்தம்தான்.

பாருங்கள், சந்தையின் குரல் அங்கே ஜின்னர் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் எட்டு சீசன் ஆனது.

ம்வான்சாவாசி · வியாழன், இரவு 9.05

விழுந்ததற்குக் காரணம் உண்டு. விதை, உரம், கொள்முதல், அரவை எல்லாம் ஒரே கையில். ஒரு முடிவு எடுத்தால் நாடு முழுக்க மாறும். எங்கள் பக்கம் நாற்பது ஜின் ஒன்றின் கழுத்தை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன, யார் சொல்லி யார் கேட்பது?

காட்டன்டெஸ்க் · வியாழன், இரவு 9.40

இதைத்தான் 2009-ல் வந்த உலக வங்கி ஆய்வும் சொன்னது, ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளின் பருத்தித் துறையை ஒப்பிட்டது. தரத்தில் மேலே நின்றவை ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும், அதாவது இரண்டு மூன்று பெரிய ஜின்னர்கள் மட்டும் இருந்த நாடுகள். ஜாம்பியாவில் அந்தக் கம்பெனிகள் விவசாயிக்கு விதை, உரம் போன்றவற்றைக் கடனாகக் கொடுத்தன, கிராமத்துக்கு ஒரு முகவர் வைத்துப் பயிற்சி கொடுத்தன, பிளாஸ்டிக் சாக்கில் வந்த பருத்தியைத் தொட மறுத்தன. விவசாயி எடுத்துக்கொண்டு போக வேறு வாசல் அதிகம் இல்லாததால் அது பலித்தது. டான்சானியா அந்த வரிசையில் கீழே.

ம்வான்சாவாசி · வியாழன், இரவு 10.02

அதே ஆய்வின் அடுத்த பாதியையும் சொல்லுங்கள் சார். உலக விலையில் விவசாயி கைக்குப் போன பங்கு டான்சானியாவில் நன்றாக இருந்தது, போட்டி இருந்ததால். "வேறு வாசல் இல்லை" என்பதை நீங்கள் தரத்துக்கு நல்லது என்கிறீர்கள். வாசலில் நிற்பவர் கண்ணில் அது எப்படித் தெரியும்? சாக்கு நாரைப் பொறுக்கும் வேலையை அவர் தலையில் கட்டி, கிடைக்கும் சென்ட்டை ஜின்னரும் நீங்களும் பிரித்துக்கொண்டால் அதற்குப் பெயர் கூட்டு இல்லை.

காட்டன்டெஸ்க் · வியாழன், இரவு 10.20

ஒப்புக்கொள்கிறேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

பழையபஞ்சு · வெள்ளி, காலை 6.30

நடுவில் பல நல்ல முயற்சிகள் நடந்ததையும் பதிவு செய்துவிடுவோம். ஜெனீவாவின் பன்னாட்டு வர்த்தக மையம் ஆப்பிரிக்க ஜின்னர்களை ஆசிய மில்களுக்குக் கூட்டிவந்து காட்டியது. நம் அரசு 2012 முதல் பெனின், பர்கினா, சாட், மாலி, உகாண்டா, மலாவி, நைஜீரியா நாடுகளுக்குப் பருத்தித் தொழில்நுட்ப உதவித் திட்டம் நடத்தி ஜின்னர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 2005-ல் ஹாம்பர்க்கில் தொடங்கிய "காட்டன் மேட் இன் ஆப்பிரிக்கா" முத்திரை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது பயோரே என்ற இயற்கைப் பருத்தித் திட்டம். சுவிட்சர்லாந்து நூல் வியாபாரி ஒருவர் முதலில் மத்தியப் பிரதேசத்திலும் பிறகு 1994-ல் டான்சானியாவின் மெயாட்டுவிலும் இயற்கைப் பருத்தி விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டார். நூல் விற்கிறவரே வயல்வரை இறங்கிப்போய், கொள்முதல் உறுதியும் கூடுதல் விலையும் கொடுத்தார், அதனால் நின்றது.

மற்றப் பயணங்களில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நானும் ஒரு குழுவோடு மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன், சாம்பார் காரம் என்று ஒரு மேனேஜர் கண்ணீர் விட்டார். விசிட்டிங் கார்டு மாற்றிக்கொண்டோம். மறுநாள் பஞ்சு வாங்கியது வழக்கமான புரோக்கரிடம்தான்.

எரெக்டர்தம்பி · வெள்ளி, காலை 9.15

பெனினில் கோட்டனூவுக்குப் பக்கத்தில் குளோ-ஜிக்பே தொழில் மண்டலத்தில் நூற்பும் தையலும் வந்துவிட்டன. ஜின்னும் மில்லும் ஒரே நாட்டில், லாரி ஒரு நாளில் போய்ச் சேரும் தூரத்தில். மேற்கு ஆப்பிரிக்கா இதுவரை தன் பஞ்சில் மிகச் சிறு பங்கைத்தான் தானே நூற்றது. அங்கே மில்காரர் சத்தம் போட்டால் ஜின்னருக்கு நேரில் கேட்கும். நமக்கும் வங்கதேசத்துக்கும் வரும் பஞ்சும் அதனால் தானாகத் தேறும் என்று நினைக்கிறேன். இல்லை, நல்லதை அங்கேயே வைத்துக்கொண்டு மிச்சத்தை நமக்கு அனுப்புவார்களோ!

நாற்பதாம்நம்பர் · சனி, மாலை 5.50

எல்லோருக்கும் நன்றி. தகர டின் கதையைப் படித்த பிறகு என் கோபம் கொஞ்சம் திசை மாறிவிட்டது. ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லியாக வேண்டும்.

காட்டன்டெஸ்க் "கேட்பவர் யாரும் இல்லை" என்றாரே, சரி, கேட்டுப் பார்ப்போம் என்று எங்கள் வியாபாரிக்கு எழுதினேன். மறுநாளே மூன்று கன்டெய்னரின் பேல் பட்டியலும் வந்தது. பேலுக்கு ஒரு வரி, ஜின் குறியீடு, பிரஸ் நம்பர் (பேல் கட்டும்போது போடும் எண்), எடை. நான்கு ஜின்னின் பேல்கள் கலந்திருந்தன. பட்டியலைத் தூக்கிக்கொண்டு ப்ளோரூமுக்கு ஓடி, எந்தப் பேல் எந்த மிக்சிங்கில் போனது என்று கேட்டேன். ஃபிட்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பேல் உடைக்கும்போதே டேகைக் கிழித்து, கட்டுக்கம்பியோடு சேர்த்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவது வழக்கமாம். பதினைந்து வருடமாக! ஜின்னர் காதுக்குப் போகவில்லை என்று நான் உலகத்தையே கேட்டேன், விலாசத்தைக் கிழித்துப் போட்டது எங்கள் வீட்டு ஆள்.

மூன்றாவது கன்டெய்னரில் 22 பேல் இன்னும் உடைக்காமல் இருக்கிறது. டேக் அத்தனையையும் எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். திங்கள்கிழமை முதல் ஒவ்வொரு ஜின் பேலையும் தனி வரிசையாக உடைத்து, நான்கு பெண்களை வைத்துப் பொறுக்கப் போகிறோம். ம்வான்சாவாசி, கிடைப்பதை ஜின்னருக்கு எப்படி அனுப்பினால் அவர் படிப்பார்? வியாபாரி வழியாகவே அனுப்பச் சம்மதித்திருக்கிறார்.

ம்வான்சாவாசி · சனி, இரவு 8.15

கடிதம் எழுதாதீர்கள், படிக்க மாட்டார்கள். மேற்கே என்றால் பிரெஞ்சில் வேறு எழுத வேண்டும். பேலுக்கு ஓர் அட்டை. மேலே ஜின் குறியீடு, பிரஸ் நம்பர், எடை. கீழே அந்தப் பேலில் கிடைத்த நாரையெல்லாம் அப்படியே ஒட்டிவிடுங்கள். சாயம் போட்ட துணி ஒரு முழம் வெட்டிக் கூட வையுங்கள். எந்த ஜின்னின் பேலில் ஒன்றும் கிடைக்கவில்லையோ அதற்கும் வெற்று அட்டை அனுப்புங்கள், அதை மறக்காதீர்கள். முடிந்தால் அந்த ஜின்னின் பேலை மட்டும் அடுத்த முறை கேட்டு வாங்குங்கள், ஒரு சென்ட் கூட்டிக் கொடுத்தாவது. அங்கே தீனி மேடையில் யாரோ உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

லேப்ராணி · சனி, இரவு 8.40

ஒட்டும்போது கருப்பு அட்டை எடுங்கள். வெள்ளை அட்டையில் வெள்ளை நார் ஒட்டி அனுப்பினால் உங்கள் பழைய கேமரா கதைதான். வெளிப்படையான டேப் போதும், பசை வேண்டாம், காய்ந்தால் அதுவே நார் மாதிரி தெரியும்.